பதிலுக்கு விட்ட இடம்

பேருந்து அவளை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பியபடி போன பிறகுதான், வானொலி நிலையம் என்று சொன்னது இதைத்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வெயில் காயும் வெட்டவெளியில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு கட்டடம். பின்னால் ஒல்லியாக ஒரு கோபுரம். வாசற்படியில் உட்கார்ந்து ஒருவர் பல்லால் ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"புது அறிவிப்பாளர் மேடமா? வாங்க வாங்க. கரண்டு இல்ல. ஃபியூஸாத்தான் இருக்கும், இப்ப வந்துடும்."

அந்த ஊரே அவரை ஃபியூஸ் என்றுதான் கூப்பிட்டது. மோட்டார் ஓடாவிட்டாலும் சரி, மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாவிட்டாலும் சரி, "ஃபியூஸா இருக்கும்" என்பது அவர் முடிவு. நிலையத்துக்கு டெக்னீஷியன், காவலாளி, பெருக்குகிறவர் எல்லாம் அவர் ஒருவர்தான். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

நாள் முழுக்கப் பழைய பாட்டுகளை ஒலிபரப்பும் நிலையம் அது. பாட்டை வரிசைப்படுத்தி வைத்துவிட்டால் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். பிரச்சினை வேறு. தினமும் மதிய நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே ஒலிபரப்பு ஊமையாகிவிடுகிறது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் சத்தம் போகாது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். மௌனம் விழுந்தால் நகரத்தில் இருக்கும் தலைமை நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். மேலாளருக்கு அந்த மணி அடித்து அடித்துப் பொறுமை போய்விட்டது.

"இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணுங்க," என்று சொல்லித்தான் அவளை அனுப்பினார். "இல்லன்னா பூட்டிட்டு, இங்கேருந்தே ஒலிபரப்பை அனுப்பிக்கிறோம். ஆளே வேண்டாம்."

முன்பு வேலை பார்த்த இடத்தில் அவள் குரலுக்குப் பதில் ஒரு மென்பொருளை உட்காரவைத்து அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் தம்பி வீட்டில் அம்மாவோடு இன்னொரு பாரமாகப் போய் உட்கார வேண்டியதுதான். அந்த எரிச்சலோடுதான் அவள் உள்ளே நுழைந்தாள்.

ஒலிபரப்பு அறையில் பழைய தரைவிரிப்பின் வாடையும் சூடேறிய மின்கருவிகளின் வாடையும் கலந்து அடித்தது. மைக் திறந்திருக்கும்போது மின்விசிறி போடக் கூடாது. குளிர்சாதனம் இருந்தது. அது வேலை செய்ததை யாரும் பார்த்ததில்லை. நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம், விருந்தினர்களுக்கென்று ஒரு மேசையும் ஒரு இரும்பு நாற்காலியும்.

மதியம் வந்தது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில், பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல் ஒலித்தது. நல்ல குரல். பரிமாறிக்கொண்டே பேசுகிற குரல்.

"வணக்கம். என்ன, சாப்பிட்டீங்களா?"

உடனே பாட்டு தொடங்கியது. முதல் வரி முடியவில்லை. ஒலியின் அளவைக் காட்டும் ஊசி சட்டென்று விழுந்து படுத்துக்கொண்டது.

திரையில் பாட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு ஊசி எழுந்தது. பாட்டு, எதுவுமே நடக்காததுபோல் மூன்றாம் வரியில் இருந்தது. தொலைபேசி அடித்தது. யாரென்று கேட்க வேண்டியதில்லை.

"வந்து உட்கார்ந்தாச்சு இல்ல? அப்புறம் என்னம்மா பண்றீங்க அங்க?" என்றார் மேலாளர்.

அதற்கடுத்த நாட்களில் அவள் செய்யாதது இல்லை. ஒயர்களை மாற்றச் சொன்னாள். கம்ப்யூட்டரை மாற்றினாள். பாட்டை மாற்றினாள். அந்த இடத்தில், மேளமும் தாளமுமாக அலறுகிற நிலைய விளம்பரத்தைப் போட்டுப் பார்த்தாள். மேளத்தையும் அந்த மௌனம் விழுங்கியது. ஃபியூஸ் கோபுரத்தின் உச்சி வரை ஏறிவிட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்.

"மேல எல்லாம் நல்லா இருக்கு மேடம். காத்து மட்டும் பிரமாதமா இருக்கு."

"அண்ணே, எனக்கு வர்ற ஆத்திரத்துக்குச் சிரிக்க வைக்காதீங்க."

"சிரிச்சா ஆத்திரம் குறையும்னுதான்."

"உங்க ஃபியூஸையே புடுங்கிடுவேன்."

தினமும் மதியம் அம்மாவுக்குப் போன் செய்வது அவள் வழக்கம். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். ஒரு வார்த்தை சொல்ல முதலில் ஒரு மூச்சு சேர்க்க வேண்டும். இவளுக்கோ அந்த வாரம் முழுக்க நிற்க நேரமில்லை. "சாப்பிட்டியாம்மா? சரி சரி, வேலை இருக்கு, வைக்கிறேன்." அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபடுவது கேட்கும்போதே இவள் வைத்துவிடுவாள். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாள். நம்மில் பலரும் அப்படித்தானே நினைக்கிறோம்.

எதுவும் பலிக்காமல் போன ஒரு மதியம், ஆத்திரத்தில் அவளுக்கு ஒன்று தோன்றியது. மௌனம் என்கிறோமே, அது உண்மையிலேயே மௌனம்தானா? ஹெட்ஃபோனை இறுக்கி மாட்டிக்கொண்டாள். ஊசி விழுந்த கணத்தில் ஒலியளவை உச்சம் வரை ஏற்றினாள்.

முதலில் வெறும் இரைச்சல். தூரத்து மழை மாதிரி.

பிறகு ஒரு நாற்காலி தரையை உரசி நகர்ந்தது.

யாரோ இருமினார்கள். வயதான தொண்டை. காதுக்கு வெகு அருகில் ஒரு மூச்சு இழுபட்டது.

"நான் இன்னும்..."

பாட்டு வெடித்துக்கொண்டு வந்து அந்தக் குரலை அடித்துப் போட்டது. அவள் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள்.

வானொலி ஒருவழிப் பாதை. இங்கிருந்து போகும். அங்கிருந்து எதுவும் வராது. அதை அவள் தொழிலின் முதல் நாளிலேயே கற்றிருந்தாள்.

ஃபியூஸிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "வேற ஏதாவது ஸ்டேஷன் கலக்குதோ என்னவோ. இல்லன்னா..."

"ஃபியூஸ்னு சொல்லாதீங்க."

"சொல்லல மேடம்."

அன்று மாலை அவளுக்கு அலுப்பும் பயமும் சேர்ந்து ஒரே வெறுப்பாக மாறியிருந்தது. எந்த இடத்தில் மௌனம் விழுகிறது? அந்த வரவேற்புக் குரலுக்குப் பின்னால். அப்படியானால் அந்தக் குரலே வேண்டாம். அடுத்த நாள் நிகழ்ச்சியில் அதை எடுத்துவிட்டு நேராகப் பாட்டைப் போட்டாள்.

ஊசி விழுந்தது. இந்தத் தடவை எழவே இல்லை.

அவள் பொத்தான்களை எல்லாம் அழுத்தினாள். மைக்கைத் திறந்து "வணக்கம், வணக்கம்" என்று கத்தினாள். அவளுக்குப் பின்னால் ஃபியூஸ் கருவிகளின் மூடிகளைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார். அவள் தனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையைப் பாதி சொல்லி மீதியை மறந்தாள். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

மேலாளர்தான் என்று எடுத்தாள். "சார், பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், கொஞ்சம்..."

மறுமுனையில் தூரத்து மழை.

ஒரு இருமல்.

"இன்னிக்கு நீ கேக்கலையேம்மா," என்றது அந்தக் குரல். கோபமில்லை. மனத்தாங்கல் மட்டும்தான் இருந்தது.

அவள் கையிலிருந்து ரிசீவர் நழுவியது. அதை எடுத்துக் காதில் வைத்த ஃபியூஸின் முகம் வெளுத்துச் சாம்பல் பூத்தது. மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் ரிசீவரை வைத்தார். வைத்ததும் பாட்டு திரும்பி வந்தது.

"யாருண்ணே?"

"கேட் கீப்பர்."

"எந்த கேட்?"

"அதான் மேடம். இப்ப கேட்டே இல்ல."

மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை மேலாளரேதான். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நாளைக்கு ஒரு சான்ஸ். நாளைக்கும் விழுந்தா, சாயங்காலம் சாவியைக் கொடுத்துட்டு வந்துடுங்க. அவரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார்.

வெயில் சாய்வதற்கு முன்பே இருவரும் அந்த கேட் இருந்த இடத்துக்கு நடந்தார்கள். கோபுரத்துக்குப் பின்னால், முன்பொரு காலத்தில் ரயில் போன தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். ஜல்லி மட்டும் கிடந்தது. சாலை குறுக்கிடும் இடத்தில் ஒற்றை அறை. கதவு சாத்தியிருந்தது, பூட்டில்லை.

"ரயில் நின்ன அப்புறமும் அவர் இங்கதான் இருந்தார்," என்றார் ஃபியூஸ். "பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. ஒரு ரேடியோதான்."

உள்ளே ஒரு சின்ன மேசை. அதன் மேல் கழுவிக் கவிழ்த்த தட்டு. சுவரில் தொலைபேசி இருந்த இடத்தில் அறுந்த ஒயர் தொங்கியது. மாடத்தில் வானொலிப் பெட்டி. அதற்கு எதிரே, பேச உட்காருகிறவரைப்போல், முகம் பார்க்கத் திருப்பிப் போட்ட நாற்காலி. பெட்டியின் பின்மூடி திறந்து கிடந்தது. பேட்டரி இல்லை. துருப்பிடித்த சுருள்கம்பி மட்டும் இருந்தது.

எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி.

ஒலியளவைக் கூட்டும் குமிழின் மேல் மட்டும் தூசி இல்லை. இப்போதுதான் யாரோ திருகியதுபோல் அது மினுமினுத்தது.

ஃபியூஸ் வெளியே போய் ஜல்லியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள்கள் குலுங்கின. "என்னாலதான் மேடம்," என்றார்.

"என்ன உங்களால?"

"ரேடியோக்கா இருந்துச்சு இல்ல, அதான், அந்தக் குரல். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. அது தினம் மதியம் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கும். கேட்டுட்டு சும்மா இருக்கும். பாட்டு போடாது. என்னக்கா, மணி அடிக்குது, மேலிடத்துல திட்டுறாங்கன்னு சொல்லுவோம். 'கேள்வி கேட்டா அவங்க சொல்லி முடிக்க விட வேண்டாமாடா'ங்கும். வீட்டுக்கு வீடு எல்லாரும் ரேடியோவைப் பார்த்து, சாப்பிட்டேன்க்கா, இன்னும் இல்லக்கான்னு சொல்லுவாங்க. வேடிக்கைக்குத்தான். ஆனா தனியா இருக்கறவங்களுக்கு அது வேடிக்கை இல்ல."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா செத்ததுக்கு அப்புறம், அது குரலையே போடுங்கன்னு ஜனங்க சொன்னாங்க. பழைய டேப்பை நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அதுல ஒரு வசதி. சத்தம் இல்லாத இடத்தை எல்லாம் தானா வெட்டிடும். மணி அடிக்காதே, இடமும் மிச்சமேன்னு அதை அழுத்தி விட்டுட்டேன். அக்கா காத்திருந்த காத்திருப்பு மொத்தத்தையும் வெட்டிட்டேன் மேடம். அது தெரியாம, எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்கன்னு எல்லார்கிட்டயும் பெருமை பேசினேன்."

அவள் அவர் பக்கத்தில் ஜல்லியின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்த வாரம் கேட் கீப்பர் சந்தையில என்னைப் பிடிச்சார். 'ஏம்ப்பா, ரேடியோக்காவுக்கு என் மேல என்ன கோபம்? நான் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாட்டு போட்டுடுது'ன்னார். நான் சிரிச்சேன். அது செத்துப்போச்சு பெரியவரே, அது வெறும் டேப்பு, உங்க பதில் யாருக்கும் கேக்காதுன்னேன். அவர் பையைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டார். அப்புறம் அவரை யாரும் பார்க்கல. கதவை உடைச்சப்ப, இந்த நாற்காலியிலதான் இருந்தார். ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு."

காற்று அறையின் கதவை மெல்ல ஆட்டியது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டதுபோல் இருந்தது. இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். ஓடக் கூடாது என்று இருவருக்கும் தோன்றியது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. வயதானவர் ஒருவர் பின்னால் வரும்போது முன்னால் ஓடுவது மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அவள் கம்ப்யூட்டரின் வரிசையை நிறுத்தி வைத்தாள். ஃபியூஸ் கண்ணாடிக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், வேணும்னே மௌனம் விட்டா மணி அடிக்கும். வேலை போயிடும்," என்றார்.

"விடாட்டியும் போகப் போகுது. நம்ம வேலை போறதுதான் போகுது, ஒருத்தரைப் பாதிப் பேச்சுல நிறுத்திட்டுப் போக வேண்டாம் அண்ணே."

வேலையைக் காப்பாற்றும் வழி என்று நினைத்து அவள் அதைச் சொல்லவில்லை. இரவெல்லாம் அந்த மனத்தாங்கல் நிறைந்த குரல் அவள் காதிலேயே இருந்தது. பயம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு மனிதர் இத்தனை நாள் ஒரே ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. கடவுள் நம்மிடம் பெரிய காரியம் எதையும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் இந்த மாதிரிச் சில்லறைக் காரியங்கள்தான். அவற்றுக்குத்தான் நமக்கு நேரம் இருப்பதில்லை.

மைக்கைத் திறந்தாள்.

"வணக்கம். என்ன, சாப்பிட்டீங்களா?"

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊசி விழுந்தது.

வெளியே ஏதோ ஒரு பறவை கத்தி அடங்கியது. அறையில் சூடு கனத்தது. அவள் கழுத்து வழியாக வேர்வை ஓர் எறும்பைப்போல் இறங்கியது. மணி இந்நேரம் அங்கே அடித்துக்கொண்டிருக்கும். ஃபியூஸ் கண்களை மூடிக்கொண்டார்.

பாட்டைப் போடு என்று அவள் விரல்கள் துடித்தன.

போடவில்லை.

நாற்காலி உரசியது. ஹெட்ஃபோன் மேசையில் கிடந்தது. அப்படியும் கேட்டது.

இருமல். மூச்சு, இழுத்து, சேர்த்து.

படுத்திருந்த ஊசி, யாரோ தொட்டு எழுப்பியதுபோல் எழுந்தது.

"நான் இன்னும் சாப்பிடலம்மா," என்றது குரல். "நீ கேட்டுட்ட இல்ல, இனிமே சாப்பிடுவேன்."

அவள் கண்ணீர் மைக்கின் மேல் விழுந்தது. "சாப்பிடுங்க," என்றாள். "மெதுவாச் சாப்பிடுங்க." பிறகுதான் பாட்டைப் போட்டாள். அது தொடங்கி, தடங்கலில்லாமல், முழுதாகப் பாடி முடிந்தது.

மேலாளர் கூப்பிட்டார். அவள் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"என்ன பண்ணீங்க?"

"சார், அது வந்து..."

"இல்ல, நல்லாப் பண்ணீங்க. மணியே அடிக்கல. யாரும்மா அந்தப் பெரியவர்? கேட்டதும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு. தினம் இப்படி யாரையாவது பேச வைங்க. நிலையத்தை மூடற பேச்சு இப்போதைக்கு வேண்டாம்."

ஃபியூஸ் உள்ளே ஓடி வந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். தேநீர் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் பெல் அடித்துக்கொண்டே போவது சாலையின் திருப்பம் வரை கேட்டது.

நிலையத்தில் அவள் மட்டும்தான். மைக்கை மூடியிருந்தாள். தொலைபேசியை இழுத்து அம்மாவின் எண்ணைச் சுழற்றினாள்.

"அம்மா, சாப்பிட்டியா?"

இன்று வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. அவள் காத்திருந்தாள். அம்மாவின் மூச்சுக்குள் அத்தனை படிகள் இருப்பது இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது.

"சாப்பிட்டேன்டி," என்றாள் அம்மா. "தம்பி பொண்டாட்டி சூடாப் போட்டா. என்னடி அதிசயம், இன்னும் வைக்காம இருக்க?"

"சும்மாதாம்மா. நீ சொல்லி முடி."

"முடிச்சுட்டேன்." அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "சரி, முதல்ல அவருக்குப் பதில் சொல்லு."

"யாருக்கு?"

"உன் பக்கத்துல இருக்கற பெரியவருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இங்க யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

"பொய் சொல்லாதடி. எனக்குத்தான் இங்க கேக்குதே. நீ போன் பண்ணினதுலேருந்து அவர் கேட்டுக்கிட்டே இருக்கார், நீ சாப்பிட்டியாம்மான்னு. பெரியவங்க கேட்டா பதில் சொல்ல வேண்டாமா?"

மேசை ஓரத்தில் அவள் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

மைக் மூடியிருந்தது. ஆனாலும் ஊசி எழுந்து நின்றது. ஆடவில்லை, விழவில்லை. காத்திருந்தது.

"இன்னும் இல்ல," என்றாள். ஊசியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விருந்தினருக்காகப் போட்டிருந்த இரும்பு நாற்காலி தரையை உரசிக்கொண்டு மெல்ல மேசையை நோக்கி நகர்ந்தது.